சைக்கிள் பம்போடு வந்த ஜெகதீபன்

ஜெகதீபன் என்ற பெயரை மெற்றில்டா முதன்முதலில் கேட்டது இலுப்பைக்கடவையில், மீன்காரனின் தராசுக்கு முன்னால். சண்டை ஓய்ந்து மீளக் குடியேறி இரண்டு வருஷம் கழிந்திருந்தது. பக்கத்து வளவு லூசியா ஓரா மீன் ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"என்னக்கா, உங்கட வீட்டுக் கொம்பியூட்டர் இன்னும் முக்கிக்கொண்டுதான் கிடக்கோ? ஜெகதீபன் எண்டு ஒரு பொடியன் இந்தியாவில இருந்து வந்திருக்கிறான். சைக்கிள் பம்பால காத்தடிச்சே திருத்துறானாம்."

"சைக்கிளுக்கெல்லே காத்தடிக்கிறது?"

"நானும் அப்பிடித்தான் கேட்டனான். சுவாமியாற்ற கொம்பியூட்டருக்கும் அடிச்சவனாம். இப்ப அது சுவாமியாருக்கு முன்னமே பூசை துவங்குதாம்."

மீன்காரன் சிரித்தான். மெற்றில்டா சிரிக்கவில்லை. அவளுக்கு நாள் போய்க்கொண்டிருந்தது. காணாமற் போனவர்களை விசாரிக்க ஒரு குழு வருகிறதென்றும், படம் கொண்டுவர வேண்டுமென்றும் விதானையார் சொல்லிவிட்டுப் போயிருந்தார். மகன் ஜெராட்டின் படம் அந்தக் கொம்பியூட்டருக்குள் இருந்தது. வேறெங்கும் இல்லை.

இருந்த ஒரேயொரு கடதாசிப் படத்தை அவள் போன இடமெல்லாம் கொண்டு திரிந்தவள். பொலித்தீனில் சுற்றிப் பால்மா ரின்னுக்குள் போட்டு, பங்கர் மண்ணுக்குள் தாட்டு, ஓடுகிற நேரம் கிளறி எடுத்துக் காத்தும், கடைசியில் முகாமில் மழைத்தண்ணீர் ரின்னுக்குள் இறங்கிவிட்டது. பிள்ளையின் முகம் மட்டும் தப்பியது. மகள் ஜெனிஸ்ரா அதை மன்னார் ரவுணில் ஒரு கடையில் கொடுத்து ஸ்கான் பண்ணுவித்தாள். மெசினிலிருந்து எடுக்கும்போது கடதாசி பொலித்தீனோடு உரிந்து தூளாய்ப் போனது. காணாமற் போன பொடியனின் படம் வீண் வம்பென்று கடைக்காரர் தன்னிடமிருந்த பிரதியை அன்றைக்கே அழித்தார். ஜெனிஸ்ராவும் படத்தை வீட்டுக் கொம்பியூட்டரில் ஏற்றிய கையோடு பென் டிரைவைத் துடைத்தாள். ஆமிக்காரர் வீட்டுக்கு வீடு வந்து ஆள் கணக்கு எடுக்கிற காலம். ஒருதரம் கொம்பியூட்டரையும் போட்டுக் காட்டச் சொன்னவர்கள்.

"ஒருத்தரும் கை வைக்காத மூலையில வச்சிருக்கிறன்" என்று மட்டும் மகள் சொல்லியிருந்தாள்.

அந்தக் கொம்பியூட்டர் மெற்றில்டாவின் தம்பி வின்சன்ட் வவுனியாவில் பாவித்துவிட்டுத் தந்தது. சுவிச்சைப் போட்டுவிட்டு உலை வைத்துச் சோறு வடித்துவிட்டு வந்தாலும் திறந்திராது. ஜெனிஸ்ரா வவுனியாவில் தையல் வேலை. போன முறை வந்தபோது படத்தைத் திறக்கப் பார்த்தாள். தலைமயிர் தெரிந்தது, நெற்றி தெரிந்தது, அதோடு நின்றுவிட்டது. பிறகு திரை முழுக்க நீலமாகிப் போனது. பஸ்சுக்கு நேரமாகிவிட்டது.

"ஆரையும் கூப்பிட்டு இதை வேகமாக்கி வையுங்கோ அம்மா. ரெண்டு கிழமையால சனிக்கிழமை வந்து படத்தை எடுக்கிறன். படத்தைப் பற்றி மட்டும் ஒருத்தரிட்டையும் வாய் திறக்காதேங்கோ."

அப்படித்தான் ஜெகதீபன் அந்த வீட்டுக்கு வந்தான். இருபத்தைந்து வயசு இருக்கும். மெலிந்த உடம்பு. கரியரில் ஒரு பிஸ்கற் ரின், அதற்குள் திருப்புளிகள், பழைய பல்துலக்கும் பிரஸ், பள்ளிப் பிள்ளைகளின் அழிறப்பர். சைக்கிள் பம்பைத் தோளில் கொழுவியிருந்தான். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றிக் காற்றடித்தான். தூசு புகையாக எழும்பியது. இரண்டு பல்லி முட்டை உருண்டு விழுந்தது. உள்ளேயிருந்த ஒரு பச்சைப் பட்டியைக் கழற்றி அதன் பித்தளைப் பல்லுகளை அழிறப்பரால் தேய்த்தான். புதினம் பார்க்க வந்த லூசியா கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"இந்த முட்டை ரெண்டும்தானோ இவ்வளவு நாளும் கொம்பியூட்டரைப் பிடிச்சு வச்சது?"

"ஆமாங்க. அதுவும் ஒரு காரணம்."

"ஆமாங்கவோ! இஞ்ச அப்பிடிக் கதையாத, அகதியெண்டு பிடிச்சுப் போடுவினம்."

"அங்க 'ஓம்' எண்டா சிலோன்காரன் எண்டு சிரிப்பாங்க அக்கா. இஞ்ச 'ஆமாங்க' எண்டா நீங்கள் சிரிக்கிறீங்கள். இனி நான் தலையை மட்டும் ஆட்டுறன்."

லூசியா சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டாள், அடுப்பில் கறி. ஜெகதீபன் சுவிச்சைப் போட்டு, நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பினான்.

"அம்மா, தேவையில்லாத சாமான் கனக்கக் கிடக்கு. அதெல்லாம் துடைச்சு எடுத்தாத்தான் இது ஓடும். வேண்டிய படம், கடிதம் ஏதும் உள்ளுக்க வச்சிருக்கிறீங்களோ?"

"ஒண்டுமில்லைத் தம்பி."

யோசித்துச் சொன்னதில்லை. வாய் சொன்னது. எத்தனை சோதனைச் சாவடியில், எத்தனை வரிசையில் அவளிடம் இதைக் கேட்டிருப்பார்கள். பைக்குள் என்ன இருக்கு? ஒன்றுமில்லை. வீட்டில் ஆம்பிளைப் பிள்ளைகள்? ஒருவருமில்லை. இருக்கிறதை இருக்கிறது என்று சொன்ன வீட்டில் அது இருந்ததில்லை. இப்போது கேட்டவன் ஆரோ ஒரு பொடியன், கடல் தாண்டி வந்தவன், ஆருடைய ஆளோ தெரியாது. மகளும் வாய் திறக்காதேங்கோ என்று சொல்லியிருக்கிறாள்.

அவன் இன்னொரு தரமும் கேட்டான். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள்.

துடைத்து முடிந்ததும் அவன் வேறொன்றைத் தொடங்கிவைத்தான். சிதறிக் கிடக்கிறதை ஒதுக்கி அடுக்குகிற வேலையாம், இரண்டு மணித்தியாலம் எடுக்குமாம். திரையில் சிவப்பும் நீலமுமாக மெல்லிய கோடுகள். சிவப்பு குறைந்துகொண்டு வர, நீலம் கூடிக்கொண்டு போனது. சாரத்துக்குக் கரை வைத்து நெய்தது போல இருக்கிறதென்று மெற்றில்டா நினைத்தாள். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தாள்.

"எந்த ஊர் தம்பி?"

"வங்காலைதான். நான் கைக்குழந்தையா இருக்கேக்க போனது. இப்ப வெள்ளாங்குளத்தில அம்மாவின்ர சொந்தக்காரரோட நிக்கிறன். அப்பா வலன்ரைன், அங்க முகாமிலயே செத்துட்டார். அம்மா மனோன்மணி இன்னும் அங்கதான்."

"எந்த வலன்ரைன்? கரைவலைச் சம்மாட்டி கொன்ஸ்ரன்ரைனுக்கு வலன்ரைன் எண்டு ஒரு மகன் இருந்தவர், இடது காது மடிஞ்சிருக்கும்."

"அவர்தான் அப்பா. உங்களுக்கு எப்பிடி...?"

"டேய், கொன்ஸ்ரன்ரைன் எனக்குப் பெரியப்பா முறையடா! என்ர அப்பாவும் அவரும் ஒன்றைவிட்ட சகோதரங்கள். உன்ர அப்பன் எனக்கு அண்ணன். கலியாணத்தில சண்டை பிடிச்சுக்கொண்டு மனோன்மணியைக் கூட்டிக்கொண்டு போனது நேற்றுப் போல இருக்கு. என்னை அம்மா எண்டு சொல்லாத, மாமி எண்டு சொல்லு."

அவன் வெட்கப்பட்டுச் சிரித்தான். தாயைக் கூட்டிவரக் காணிக்குப் போய்ப் பார்த்ததையும், உறுதிப் பத்திரம் இல்லாமல் எல்லையே தெரியாமல் கிடப்பதையும், சந்தியில் சின்னதாய் ஒரு கடை போட்டால் அம்மாவை வரச்சொல்லலாம் என்று நினைப்பதையும் சொன்னான். கேட்டுக்கொண்டிருந்த மெற்றில்டாவுக்கு, உனக்கொரு மச்சான் இருந்தவன், அவன்ர படம் இதுக்குள்ள கிடக்கு என்று சொல்ல வாய் வந்தது. பிறகு, சனிக்கிழமை ஜெனிஸ்ரா வந்து திறக்கட்டும், ஆறுதலாய்க் கூப்பிட்டுக் காட்டுவம் என்று விட்டுவிட்டாள். திரையில் நீலம் கூடிக்கொண்டே போனது.

அவன் வெளிக்கிடும்போது கொம்பியூட்டர் பஞ்சு போல ஓடியது. மாமி என்ற பிறகு கூலி வாங்க மறுத்துவிட்டான். அவள் திரளிக் கருவாடு கட்டிக் கொடுத்தாள்.

சனிக்கிழமை ஜெனிஸ்ரா உடுப்பு மாற்றாமலே கதிரையில் இருந்தாள். கண் மூடித் திறக்க முன் எல்லாம் திறந்தது. "அட கடவுளே, என்ன வேகம்!" என்று சிரித்தாள். பிறகு அங்குமிங்கும் தட்டித் தட்டித் தேடினாள். பிறகு, "அம்மா, இதை ஆர் தொட்டது?" என்று கேட்டாள்.

ரெலிபோன் போய் ஒரு மணித்தியாலத்தில் ஜெகதீபன் சைக்கிளில் வந்து சேர்ந்தான். எங்கே வைத்தாய் என்று ஜெனிஸ்ராவிடம் கேட்டான். கொம்பியூட்டர் தற்காலிகமாகக் கண்டதையும் போட்டு வைக்கிற இடமொன்று இருக்கிறது, திருத்துகிறவன் முதல் வேலையாக வெறுமையாக்குகிற இடமும் அதுதான். அதற்குள்தான், வேறு பெயரில் வைத்திருந்தாள். ஆமிக்காரர் அங்கே தேடமாட்டார்கள் என்று மகள் நினைத்தாள். அது சரிதான். அவர்கள் தேடவில்லை.

ஜெகதீபன் நிலத்தில் குந்திவிட்டான்.

"அழிச்சாலும் உடன போகாது மாமி. அது கிடந்த இடத்தில கிடக்கும். மேல இன்னொண்டு வந்து படுக்கிற வரைக்கும் எடுக்கலாம். அண்டைக்கு அந்தக் கோடுகள் ஓடினதெல்லோ, அதுதான் எல்லாத்தையும் தூக்கி மேல மேல அடுக்கினது. தேத்தண்ணி குடிக்கேக்க சொல்லியிருந்தாலும் நிப்பாட்டியிருப்பன்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோமென்று அவனுக்குப் பட்டது. முகத்தைக் கையால் பொத்தினான்.

"நீ கேட்டனிதானே தம்பி" என்றாள் மெற்றில்டா. "ரெண்டு தரம் கேட்டனி."

எல்லாம் பதிந்து கிடக்கிற தட்டை உள்ளிருந்து கழற்றிச் சீலையில் சுற்றிக்கொண்டு அவன் மன்னாருக்குப் போனான். அங்கே ஏலாதென்றார்கள். வவுனியாவுக்குப் போனான். கொழும்பில் ஒருவர் இருக்கிறார் என்று அங்கே கடை வைத்திருந்த எருக்கலம்பிட்டிச் சனூன் நானா விலாசம் கொடுக்க, கொழும்புக்கும் போனான். விசாரணைக்கு முதல்நாள் திரும்பி வந்து ஒரு கடதாசியை மெற்றில்டாவிடம் நீட்டினான். மேலே இரண்டு விரல் அகலத்துக்குத் தலைமயிர், நெற்றியில் ஒரு கீற்று. அதற்குக் கீழே முழுக்கச் சாம்பல் நிறம்.

"இவ்வளவுதான் மாமி வந்தது."

மெற்றில்டா அதைத்தான் கொண்டுபோனாள். கூட ஜெகதீபனும் போனான். நெடிய வரிசை. எல்லார் கையிலும் படம். அவளுடைய முறை வந்தபோது மேசையில் இருந்தவர் கடதாசியைத் திருப்பிப் பார்த்தார்.

"இதென்னம்மா? படம் விழேல்லையே."

"அது அவன்ர தலைமயிர் ஐயா. வலப்பக்கம்தான் வகிடு எடுப்பான். பாருங்கோ."

"விளங்குது. ஆனா இதை வச்சு ஒருத்தரையும் அடையாளம் காணேலாது. வேற இல்லையோ?"

"இல்லை ஐயா."

அவர் பாவம், கோபமாய்ச் சொல்லவில்லை. படம் இணைக்கப்படவில்லை என்று எழுதிவிட்டுக் கடதாசியைத் திருப்பிக் கொடுத்தார். வாசலில் நின்ற ஜெகதீபன் அதைக் கண்டான். 

அதற்குப் பிறகும் மூன்று நாலு வீட்டில் அவனைக் கூப்பிட்டார்கள். போய்ப் பெட்டியைக் கழற்றுவான், காற்றடிப்பான். பிறகு, உள்ளே வேண்டியது ஏதும் இருக்கோ என்று கேட்பான். ஒன்றுமில்லை என்பார்கள். திரும்பவும் கேட்பான். திரும்பவும் அதையே சொல்வார்கள். அவன் அவர்களுடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பான். பிறகு தகட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடுவான். "உவனுக்கு என்ன விசரோ, ஒண்டுமில்லை எண்டு சொல்லுறம், தொடுறானில்லை" என்று லூசியாவிடம் வந்து சொன்னார்கள். சந்தியில் கடை வரவில்லை. மனோன்மணியும் வரவில்லை. ஓர் ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போன இடத்தில் மெற்றில்டா அவனைக் கண்டாள். மாமி என்றான், கையைப் பிடித்தான், தலையை ஆட்டினான். 

மெற்றில்டா வீட்டுக் கொம்பியூட்டர் இன்னும் சுவிச்சைப் போட்டவுடன் திறக்கிறது. ஜெகதீபன் பேசாலையில் ஒரு மீன் வாடியில் ஐஸ்கட்டி உடைத்துப் பெட்டிகளுக்குப் போடுகிற வேலை செய்கிறான். அங்கேயே பின்பக்கத்து அறையொன்றில் தனியாக இருக்கிறான்.