சங்குப் பட்டணத்துக்குப் போன வழி

மாடி வீட்டுப் பெண் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சாயங்காலமானால் மாடிப்படியில் உட்கார்ந்து தலையணை தடிமனுக்கு ஒரு இங்கிலீஷ் கதைப் புத்தகம் வைத்துப் படிப்பாள். நான் துணி காயப்போடப் போகும்போது ஒதுங்கி வழி விடுவாளே தவிர தலை நிமிர மாட்டாள். எனக்கும் அதுதான் சௌகரியம். யாராவது நிமிர்ந்து பார்த்துவிட்டால் எனக்குப் பேச்சு வராது.

போன வாரம் கரண்டு இல்லாத ஒரு சாயங்காலம், கதை சொல்ல வேறு ஆள் அகப்படாமல் என்னைப் பிடித்துக்கொண்டாள். இனிமேல் வரப்போகும் காலத்தில் ஒரு நகரமாம். சைரன் அடித்தால் எல்லோரும் எழ வேண்டும், அடித்தால் வேலைக்குப் போக வேண்டும், அடித்தால் படுக்க வேண்டும். பறக்கும் குதிரை, சூனியக்காரி வரும் கதைகளெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு, இந்த மாதிரிக் கெட்டுப்போன உலகத்துக் கதைதான் நிஜம் என்பது அவள் கட்சி. தான் மட்டும் அங்கே பிறந்திருந்தால் முதல் நாளே சுவரேறிக் குதித்திருப்பேன் என்றாள். அப்புறம் என்னைப் பார்த்து, "பாட்டி, சைரன் சத்தம் நெஜமா எப்படி இருக்கும்?" என்று கேட்டாள்.

எங்கள் காம்பவுண்டுக்குப் பின்னால் நிற்பதே மில் சுவர்தான். மில்லைப் பூட்டி வருஷக்கணக்காகிறது. இவர்கள் குடிவரும் முன்பே சங்கு ஓய்ந்துவிட்டது. நான் சிரித்துவிட்டு ஈரத் துணியை உதறினேன். வாயில் வராததால் இப்போது எழுதிப் பார்க்கிறேன்.

சைரன் என்று அப்போது யாரும் சொன்னதில்லை. சங்கு என்றுதான் சொல்வோம். நான் பிறந்த ஊர் சூலூருக்கு மேற்கே, மானாவாரிக் காடுகளுக்கு நடுவே இருந்தது. மற்ற மாதங்களில் அந்தச் சத்தம் எங்களுக்கு எட்டாது. ஆடி பிறந்து மேற்கே பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று புறப்பட்டால், விடிகாலையில் அது மில் சங்கையும் தூக்கிக்கொண்டு வரும். பெரிய வெண்கலக் குடத்துக்குள் வாயை வைத்து யாரோ ஊதுகிற மாதிரி இருக்கும். நின்ற பிறகும் காதுக்குள் கொஞ்ச நேரம் இருக்கும். எனக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. பாதித் தூக்கத்தில் அதைக் கேட்கும்போதெல்லாம், கட்டிலில் பக்கத்தில் படுத்திருக்கும் அத்தை விழித்திருப்பது தெரியும். காற்று திசை மாறி ஒரு நாள் சத்தம் வராவிட்டால் அன்றைக்கெல்லாம் அவளுக்கு முகம் சரியிருக்காது.

அத்தை என்றால் அப்பாவின் கடைசித் தங்கை. பதினாறு வயது. அஞ்சாவது வரை படித்தவள். பின்னால் நானும் அவ்வளவுதான் படித்தேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடமே அதோடு முடிந்துவிடும்.

எங்கள் வீட்டில் இரண்டு கதைப் புத்தகங்கள் இருந்தன. வெளி அறையில் குடியிருந்த வாத்தியார் மாற்றலாகிப் போனபோது மறந்து விட்டுப்போனவை. ஒன்றை அம்மா கட்டில் காலுக்கு அண்டக் கொடுத்திருந்தாள். இன்னொன்று உமி வைக்கும் பானைக்கு மூடியாக இருந்தது. அத்தை இரண்டையும் மீட்டு, திரும்பத் திரும்பப் படித்தாள். வேறு புத்தகம் இல்லாததால் இந்த இரண்டைப் பற்றியும் அவளுக்கு மிகவும் உறுதியான அபிப்பிராயங்கள் உண்டாகிவிட்டன. அவற்றைக் கேட்க வீட்டில் நான் ஒருத்திதான் ஆள்.

முதல் புத்தகம் ராஜகுமாரன் கதை. ராட்சசன் தூக்கிப்போன ராஜகுமாரியைத் தேடி ஏழு கடல் தாண்டிப் போவான். குதிரை பறக்கும், கிளி வழி சொல்லும், கிழவி குமரியாவாள். எனக்கு உயிர். அத்தைக்கு அது கட்டோடு பிடிக்காது. களைக்கொத்தும் கையுமாக நின்றபடி அவள் கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

"ஏழு கடல் தாண்டிப் போறானே கண்ணு, அதுவரைக்கும் அவனூட்டு எருமைக்கு ஆரு தீனி போடுவா?"

புத்தகத்தில் அது எழுதியிருக்கவில்லை. ராஜகுமாரி ஒரு குடம் தண்ணீராவது சேந்தினாளா என்று அடுத்த கேள்வி. அதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதினவர் சோறு எங்கிருந்து வருகிறது என்று தெரியாத ஆள் என்று அத்தை தீர்மானித்துவிட்டாள்.

இரண்டாவது புத்தகத்துக்கு மேலட்டை இல்லை. பெயரும் தெரியாது. அத்தையாகச் சங்குப் பட்டணம் என்று பெயர் வைத்துக்கொண்டாள். சுற்றிலும் உயரச் சுவர். ராத்திரியிலும் விளக்கு அணையாது. ராஜா யாரென்று ஒருவரும் கண்டதில்லை, அவனுடைய சங்குச் சத்தம் மட்டும் கேட்கும். ஊதினால் எழுந்திருப்பார்கள், ஊதினால் ஒரே கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவார்கள். ஆணும் பெண்ணும் ஒரே மாதிரி உடுப்பு. பெயருக்குப் பதில் எண். உள்ளே போனவர்களுக்கு நாளாக நாளாக வீட்டு மனிதர்களின் முகம் மறந்துபோகும். கடைசியில் ஒருவன் சுவரை உடைத்து வெளியே ஓடிவந்து, ஒரு காட்டில் சூரியன் உதிப்பதைப் பார்த்து விழுந்து அழுவான். அதோடு கதை முடிந்தது.

படிப்பவர்களைப் பயமுறுத்தத்தான் அதை எழுதியிருக்கிறார்கள் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. அப்போது தெரியாது. அத்தைக்கும் தெரியாது. அவள் அதைப் போய்ச் சேர வேண்டிய ஒரு ஊரைப் பற்றிய கதை என்றே படித்தாள். மூன்று வேளையும் யாரோ சமைத்துப் போடுகிறார்கள். விளக்குக்கு எண்ணெய் தீராது. பெண்பிள்ளையும் ஆணைப்போல வேலைக்குப் போகிறாள், யார் வீட்டுப் பெண் என்று யாரும் கேட்பதில்லை. இதில் பயப்பட என்ன இருக்கிறது என்பாள். முகம் மறக்கும் இடம் வரும்போது நான் அவள் முந்தானையைப் பிடித்துக்கொள்வேன். மறக்கிறவன் பக்கத்திலேயே இருந்தாலும் மறப்பான் என்று சொல்லிப் பக்கத்தைத் திருப்பிவிடுவாள்.

கடைசி அத்தியாயம்தான் அவளுக்கு ஆகாது.

"கிறுக்கன். வெயிலைப் பாத்து அழுகறானாம். நாலு நாள் எங்கூடக் களை எடுத்திருந்தான்னா வந்த வழியே திரும்பி ஓடியிருப்பான்."

அந்த ஆடியில் அத்தைக்குக் கல்யாணம் பேசி முடித்திருந்தார்கள். மாப்பிள்ளை தூரத்துச் சொந்தம், அன்னூருக்கு அந்தப் பக்கம். இரண்டு கிணறு, தோட்டம், ஒரு கொட்டம் நிறைய எருமைகள். அந்த எருமைகளைப் பற்றிச் சொல்லும்போதே அப்பாவுக்கு வாய் நிறைந்துபோகும். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு என்று வந்து சொன்னார். அன்றைக்குப் படுக்கையில் அத்தை என் காதோரம், "எருமைக்கெல்லாம் பேரு சொன்னாங்க கண்ணு. எம்பேரு என்னன்னு ஆரும் கேக்கலையாமா" என்று சொல்லிச் சிரித்தாள். வேடிக்கைதான் பண்ணுகிறாள் என்று நானும் சிரித்தேன்.

ஆடி நோம்பிக்கு வளையல் வாங்க அவளைச் சூலூருக்கு அனுப்பினார்கள். வயதுப் பெண்ணைத் தனியே அனுப்பக்கூடாதென்று துணைக்கு என்னை அனுப்பினார்கள். துணை என்ற சொல்லுக்கு நான் எந்த அளவுக்குப் போதும் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. தூக்குப் போசியில் கம்பஞ்சோறும் மோரும் இருந்தது. காட்டு வேலிகளுக்கு நடுவே போகும் இட்டேரி தாண்டி மண் ரோட்டுக்கு வந்ததும் அத்தை நின்றாள். சூலூர் கிழக்கே. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு மேற்கே திரும்பினாள்.

எங்கே போகிறோம் என்று கேட்டேன். சங்குப் பட்டணத்துக்கு என்றாள்.

அந்த நடை எனக்கு நடந்ததாகவே நினைவில்லை, மிதந்ததாகத்தான் நினைவு. எதிர்க்காற்று. பனை ஓலைகளெல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து சலசலத்தன. சோளக்காடு அலை அலையாகப் படுத்து எழுந்தது. மேகங்கள் எங்கள் தலைக்கு மேலே கிழக்குப் பார்த்து ஓட, நாங்கள் அசையாமல் நிற்க ரோடுதான் பின்னால் போகிறது என்று தோன்றிற்று. அத்தை வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தாள். தனக்கு என்ன எண் கொடுப்பார்கள் என்று யோசித்தாள். எனக்கு ஒன்று வாங்கித் தருவதாகவும் சொன்னாள்.

பட்டணத்துக்குக் கதையில் வருகிற மாதிரியே சுவர் இருந்தது. இரும்புக் கதவு இருந்தது. உள்ளே பூமிக்கடியில் ஏதோ ஓடுவதுபோல் ஓயாத இரைச்சல், நிற்கிற மண்ணே காலுக்குக் கீழே நடுங்கியது. எதிரே ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தோம். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் மத்தியானச் சங்கு ஊதிற்று. தூரத்தில் குடத்துக்குள் ஊதிய அதே சத்தம், கிட்டத்தில் வானத்தையே கிழித்தது. நான் காதைப் பொத்திக்கொண்டு அத்தையின் மடியில் முகத்தை வைத்துக்கொண்டேன். நிமிர்ந்தபோது கதவு திறந்து உள்ளிருந்து கூட்டம் கூட்டமாகக் கிழவிகள் வந்துகொண்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் தலை வெள்ளை.

அதில் ஒரு கிழவி நேரே எங்கள் மரத்தடிக்கு வந்து, முந்தானையால் தலையை அடித்துத் தட்டினாள். வெள்ளையெல்லாம் பறந்து காற்றில் போயிற்று. உள்ளே கறுகறுவென்று முடியோடு அத்தை வயதில் ஒரு பெண் நின்றாள். கிழவி குமரியானதை நான் கண்ணால் பார்த்தேன். அத்தை அவள் காதோரம் ஒட்டியிருந்த ஒரு பிசிறை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தாள். பருத்தி. எங்கள் காட்டில் நாங்கள் எடுத்து மூட்டை கட்டி அனுப்பும் பருத்தி.

"எந்தூரு அம்மணி?" என்று அந்தப் பெண் உரக்கக் கேட்டாள். அத்தை சொன்னாள். "சத்தமாச் சொல்லு. காது இன்னும் உள்ளயே கெடக்குது" என்றாள் அவள். அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே வேலைக்குச் சேர்ந்தால் யார் வீட்டுப் பெண் என்றெல்லாம் கேட்பார்களா என்று கத்திக் கேட்டாள்.

"கேட்டாலும் காதுல உழுகணுமில்ல" என்றாள் அந்தப் பெண்.

அப்புறம் இடுப்பிலிருந்து ஒரு பித்தளை வில்லையை எடுத்துக் காட்டினாள். அதில் எண் போட்டிருந்தது. அத்தை அதைக் கையில் வாங்கி, கோயிலில் கொடுத்ததைப்போல இரண்டு கையிலும் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்தப் பெண்ணோ எங்கள் தூக்குப் போசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கம்பஞ்சோறா என்று கேட்டாள். அத்தை மூடி நிறைய எடுத்துக் கொடுத்தாள். ஒரு வாய் உண்டுவிட்டு அந்தப் பெண் மேற்கே திரும்பி, காற்றுக்கு முகத்தைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டாள். ஊர்ப்பக்கம் மழை உண்டா, சோளம் எவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள். வில்லையைப் பிடித்தபடி இவளும் கம்பஞ்சோற்றைப் பிடித்தபடி அவளும் உட்கார்ந்திருந்தது எனக்கு ஒரு படம் மாதிரி ஞாபகம் இருக்கிறது.

மறுபடி சங்கு ஊதிற்று. அந்தப் பெண் வில்லையை வாங்கிச் செருகிக்கொண்டு எழுந்தாள். நூல் சுற்றுகிற இடத்தில் ஆள் குறைவென்றும், வந்தால் இப்போதே மேஸ்திரியிடம் காட்டுகிறேன் என்றும் அத்தையிடம் சொன்னாள். குழந்தையை மரத்தடியில் உட்கார வைத்துவிட்டு வரச் சொன்னாள்.

அத்தை என் மடியில் தூக்குப் போசியை வைத்தாள். அசையாமல் உட்கார்ந்திருந்தால் வரும்போது முறுக்கு வாங்கி வருவதாகச் சொன்னாள். கூட்டம் கதவை நோக்கிப் போயிற்று, அத்தை அதற்குள் போனாள். பின்பக்கத்திலிருந்து பார்த்தபோது அவளும் அந்தப் பெண்களில் ஒருத்திபோலவே இருந்தாள். அப்போதுதான் எனக்குக் கதை ஞாபகம் வந்தது. உள்ளே போனவர்களுக்கு முகம் மறந்துவிடும். நான் போசியைப் போட்டுவிட்டு ஓடி, கதவுக்குப் பக்கத்தில் அவள் காலைக் கட்டிக்கொண்டேன். அழுத அழுகையில் காவல்காரர் உட்பட எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பெண் உள்ளேயிருந்து கையை நீட்டி அழைத்தாள். அத்தை என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பிரிக்கப் பிரிக்க நான் வேறு இடத்தில் பிடித்துக்கொண்டேன். பிறகு பிரிப்பதை நிறுத்திவிட்டாள். இரும்புக் கதவு சாத்திக்கொண்டது.

சாத்திய கதவுக்கு முன்னால் அவள் எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. அப்புறம் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு நடந்தாள்.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அத்தை அன்னூர்ப் பக்கம் போய் நன்றாகத்தான் வாழ்ந்தாள். அந்த எருமைகளின் பெயர்களையெல்லாம் எனக்கும் சொல்லிக்கொடுத்தாள். அவ்வளவு தூரத்துக்குச் சங்குச் சத்தம் எட்டாது. அதெல்லாம் பின்னால். நான் சொல்ல வந்தது அன்றைக்குத் திரும்பி வந்த வழியைப் பற்றி.

இப்போது காற்று முதுகுப் பக்கம். எங்களைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. அழுது ஓய்ந்து பாதித் தூக்கத்தில் அத்தையின் தோளில் கிடந்த எனக்கு, பேச்சில்லாமல் வழி போகவில்லை. சுவரை உடைத்து வெளியே வந்தானே, அவன் அப்புறம் ஒரு தடவையாவது பட்டணத்துக்குத் திரும்பிப் போனானா என்று கேட்டேன்.

கொஞ்ச தூரம் நடந்த பிறகு அத்தை சொன்னாள்: "போலாம்னுதான் கண்ணு போனான். கதவு வரைக்கும் போய்ட்டான். ஒரு கொழந்தை அவனக் கட்டிப் புடிச்சுட்டு அழுதுது. தூக்கிட்டுத் திரும்பி வந்துட்டான்."

எனக்குத் தூக்கம் போய்விட்டது. அத்தனை தரம் படித்த புத்தகம், அவளுக்கே கதை மறந்துவிட்டதே என்று கோபம் வந்தது. அந்தக் கதையில் குழந்தையே கிடையாது என்றேன். அவள் இருந்தது என்றாள். இல்லவே இல்லை, நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்றேன். வீடு வந்து சேரும்வரை விடாமல் அவளோடு வாதாடிக்கொண்டே வந்தேன், அவள் இடுப்பில் உட்கார்ந்துகொண்டுதான்.