பாலுசாமி பேசிய பூதங்கள்

மூன்று செட்டில் எது உசத்தி என்று துடியலூரில் யாராவது வாயைத் திறந்துவிட்டால் அன்றைக்கு யாரும் வேலைக்குப் போன மாதிரிதான். செட்டு என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வெங்கடபதியின் கேபிளில் ஓடிய ஜப்பான் தொடர். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், ரோஸ் என்று நிறத்துக்கு ஒருவராக முகமூடி போட்ட ஐந்து பேர். வாரத்துக்கு ஒரு பூதம் வரும். ஐந்து பேரும் கூடி அதைக் கொல்வார்கள். செத்த பூதம் பனைமர உயரத்துக்கு மறுபடி எழுந்து நிற்கும். இவர்கள் ஒரு ராட்சச இயந்திரத்தில் ஏறி அதை இன்னொரு தடவை கொல்வார்கள். ஜப்பான்காரன் வருஷத்துக்கு ஒருமுறை ஆளையும் கதையையும் மாற்றிவிட்டு நிறத்தை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வான். கோட்டைமேட்டில் கேசட் கடை வைத்திருந்த கலீல் ரஹ்மானுக்குச் சிங்கப்பூரில் ஒரு மச்சான். அவர் அனுப்பிய கேசட்டுகளில் தொண்ணூற்று நான்கில் ஒரு செட்டு ஓடியது, அடுத்த வருஷம் ஒன்று, அதற்கடுத்த வருஷம் ஒன்று.

படத்தில் பேச்செல்லாம் ஜப்பான் மொழி. அதில் ஒரு எழுத்துகூடத் தெரியாமல் அத்தனைக்கும் தமிழ் பேசியவன் பாலுசாமி. வெங்கடபதியின் மாடி அறையில் டெக் ஓடும். பாலுசாமி மைக்கைப் பிடித்துக்கொண்டு, வாய் அசைவதைப் பார்த்து, நினைத்ததை அங்கேயே பேசுவான். சிவப்புக்கு ஒரு குரல், ரோஸுக்கு ஒரு குரல், பூதத்துக்கு ஒரு குரல்.

மற்ற ஆறு நாளும் அவன் ஒயர் இழுக்கிறவன். தென்னை மரத்திலும் கரண்ட் கம்பத்திலும் ஏறித் தொங்குகிறவன். "ஏய் ஒயரு, எங்கூட்டுல படம் ஆடுது, வந்து பாரு" என்று சின்னப் பிள்ளைகூடக் கூப்பிடும். முப்பது வயதாகியும் அவன் சொல்லி ஒரு காரியம் நடந்ததில்லை. அவன் பேச்சை நின்று கேட்ட மனிதர் இல்லை. அம்மா ராசம்மாளே அவன் பேசும்போது பாதியில் எழுந்து கோழிக்குத் தீனி போடப் போய்விடுவாள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஊரே அவன் குரலுக்கு வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. அந்த மைக் ஒன்றுதான் பிழைப்பில் அவனுக்கு வாய்த்த சுகம். அதை விட்டுவிட்டால் அவன் வெறும் ஒயர்தான், அது அவனுக்கே நன்றாகத் தெரியும்.

முதல் செட்டில் அவன் யோக்கியமாகத்தான் பேசினான். அந்த ஐந்து பேரும் பறவை வேஷக்காரர்கள். கதையில் பாதியிலேயே பச்சை செத்துப்போவான். அன்றைக்குப் பாலுசாமி மைக்கிலேயே அழுதுவிட்டான், தெருவும் சேர்ந்து அழுதது. பெரியவர்கள் இன்றைக்கும் முதல் செட்டுதான் செட்டு என்பார்கள்.

இரண்டாம் செட்டு கோமாளிக் கூட்டம். ஐந்து பேரும் லாரியும் டெம்போவும் ஓட்டிக்கொண்டு வந்து குட்டிக்கரணம் போடுவார்கள். அழ ஒன்றும் இல்லை, சிரிக்க வைத்தாக வேண்டும். ஒரு வாரம் வந்த பூதம் தண்ணீர் பீய்ச்சியது. பாலுசாமி அதற்குப் பால் ஊற்றுகிறவரின் குரலைக் கொடுத்து, "தண்ணி சேக்கவே இல்லீங், மாடு கெணத்துல உளுந்து எந்திரிச்சு வந்துச்சுங்" என்றான். மாடி ஜன்னல் வழியாக நாலு தெருச் சிரிப்பும் ஒன்றாக உள்ளே வந்தது. அந்தச் சிரிப்பை ஒருதரம் கேட்டவனுக்கு அப்புறம் அழுகை எதற்கு?

அன்றிலிருந்து வாரத்துக்கு ஒரு ஆள் மாட்டினார். காலை இழுத்து நடக்கும் பூதம் ஒன்று வந்தபோது, தயிர் விற்கும் தெய்வாத்தாளை வைத்தான். அந்தம்மாவுக்குச் சின்ன வயதிலேயே ஒரு கால் சூம்பிப்போயிருந்தது. மறுநாள் மெயின் ரோட்டில் அவரைப் பார்த்துப் பிள்ளைகள் வாள் வீசுகிற மாதிரி கையை வீசின. "ஏனுங் தம்பி, என்ற காலு உங்களுக்கு என்னுங்க பண்ணுச்சு?" என்று தெய்வாத்தாள் வந்து கேட்டார். கோபமாகக்கூட இல்லை, தயிருக்கு விலை சொல்லும் குரலில் கேட்டார். "சும்மா வெளையாட்டுக்குங்க" என்றான் பாலுசாமி. அந்தம்மா அதற்குப் பிறகு சந்து வழியாகச் சுற்றிப் போனார். அவனுக்கு வருத்தம் வந்ததா என்றால், அதெல்லாம் ஒரு மண்ணும் இல்லை. கேட்ட கேள்வியை மனப்பாடம் செய்து அடுத்த பூதத்தின் வாயில் போட்டான். இளவட்டங்கள் இரண்டாம் செட்டுக்குத்தான் ஓட்டுப் போடும்.

மூன்றாம் செட்டு வந்து எல்லாவற்றிலும் மண்ணைப் போட்டது. ஐந்து பேரும் ராஜ வம்சமாம். எந்நேரமும் உம்மென்று முகத்தை வைத்துக்கொண்டு கடற்கரையில் நின்று பேசினார்கள். பேசினார்கள், பேசிக்கொண்டே இருந்தார்கள். பூதம் கடைசியில் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். டீக்கடையில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. வெங்கடபதி பாலுசாமியைக் கூப்பிட்டார்.

"ஏம்பா பாலு, சனம் வேற பக்கம் திருப்புது. உனக்குச் சரக்குத் தீந்துபோச்சுன்னு நம்ம கிருபா சொல்றான். அவன் இங்கிலீசெல்லாம் கலந்து பேசறேங்கறான். மைக்க அவங்கிட்டக் குடுத்துப்போட்டு நீ லைனப் பாரு."

கிருபாசங்கர் வெங்கடபதியின் அக்கா மகன், இஞ்சினியரிங் காலேஜில் படிப்பவன். "கொஞ்ச நாள் பொறுங்க மொதலாளி, தூக்கிக் காட்டறனுங்க" என்று பாலுசாமி கெஞ்சிவிட்டு வந்தான்.

அந்தச் சமயத்தில்தான் தங்கை புவனாவுக்குப் பக்கத்து ஊரான வெள்ளக்கிணற்றிலிருந்து வரன் வந்தது. ஸ்பின்னிங் மில்லுக்குப் போய்க்கொண்டிருந்த பெண். அதிர்ந்து பேசாதவள். ஆனி மாதக் கடைசியில் மாப்பிள்ளையின் அப்பா சுப்பண்ணன் பெண் பார்க்க வந்தார். பெரிய வயிறு, பெரிய துண்டு. இனிப்புக்கு வைத்த ஒப்புட்டுத் தட்டைக் காலி செய்துவிட்டு, "ஏனுங் அம்மணி, இன்னொண்ணு இருந்தாப் போடுங்க" என்று ராசம்மாளிடம் நீட்டினார். புவனாவை நடக்கச் சொன்னார், உட்காரச் சொன்னார், ஊசியில் நூல் கோக்கச் சொன்னார். "புள்ளை நெறந்தான் கொஞ்சம் மட்டுங்க. சேரி, வெயில்ல போகாம இருந்தாத் தெளிஞ்சுருமுங்க" என்று சிரித்தார். அத்தனையும் மரியாதையாக, ஒரு ங்க குறையாமல். புவனா தலையைக் குனிந்துகொண்டாள். ஆனாலும் அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. ஆவணி பிறந்ததும் உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொள்ளலாம் என்று பேசி முடித்தார்கள்.

ஆடி பிறந்தது. பாலுசாமி வெள்ளக்கிணற்றுக்கு ஒயர் இழுத்து முடித்திருந்தான், இணைப்பு மட்டும்தான் பாக்கி. ஆடியில் புதிதாக ஒன்றும் தொடங்கக் கூடாது, ஆவணியில் கொடுக்கலாம் என்று வெங்கடபதி சொல்லியிருந்தார். இந்தச் சீமையில் ஆடியில் புது விளக்குமாறுகூட வாங்க மாட்டார்கள். ஆவணி வரை தன் பேச்சு வெள்ளக்கிணற்றில் கேட்காது என்ற தைரியம் பாலுசாமிக்கு இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கேசட்டில் தொந்தி தள்ளிய பூதம் ஒன்று கடற்கரையில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருந்தது. பாலுசாமிக்கு நாக்கு ஊறியது.

"ஏனுங் அம்மணி, இன்னொண்ணு இருந்தாப் போடுங்க" என்றது பூதம். ரோஸ் நிறக்காரி வாளோடு வர, "நெறம் மட்டுங்க, நடங்க பாக்கலாம். ஊசி கோப்பீங்களா?" என்று கேட்டது. துடியலூரே குலுங்கியது. பெண் பார்க்கிற கூத்தை அனுபவிக்காத வீடு எது? பெண்களின் சிரிப்புதான் ஜன்னலில் அதிகம் கேட்டது. இத்தனை நாளில் இப்படி ஒரு பூதம் வந்ததே இல்லை என்றார்கள்.

முந்தின நாள் சாயங்காலம் கிருபாசங்கர் வெள்ளக்கிணற்றுக்கு இணைப்பைக் கொடுத்திருந்தான். ஆடியாவது கோடியாவது என்று சிரித்துக்கொண்டே கொடுத்தானாம். புது கேபிள் பார்க்க, ஊரில் முதலில் இணைப்பு வாங்கிய சுப்பண்ணன் வீட்டில் சொந்தபந்தமெல்லாம் கூடியிருந்தது.

மறுநாள் சுப்பண்ணனே வந்தார். வாசலில் நின்றார். உள்ளே வாங்க என்று ராசம்மாள் கெஞ்சியும் செருப்பைக் கழற்றவில்லை.

"இல்லீங் அம்மணி. என்னையப் பூதமாக்கிக் காட்டிப்போட்டாருங்க உங்க பையன். நா தின்னது நெசந்தானுங்க, அதுக்கொண்ணும் வருத்தமில்லீங்க. ஆனா பூதத்தூட்டுக்கு உங்க புள்ளையக் குடுத்து என்னுங்க பண்ணப்போறீங்க? நல்ல எடமாப் பாருங்க. நா வாரனுங்க."

ராசம்மாள் மண்ணை வாரித் தூற்றினாள், தூணில் முட்டிக்கொண்டு அழுதாள். புவனா எப்போதும்போல மில்லுக்குக் கிளம்பிப் போனாள். அண்ணனைத் திட்டியிருந்தால்கூட அவனுக்குப் பாரம் இறங்கியிருக்கும்.

ஊர் என்ன செய்தது? கொண்டாடியது. நிச்சயத்தையே கலைத்த பூதம் என்று டீக்கடையில் அதே பேச்சு. மூன்றாம் செட்டு மற்ற இரண்டையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது என்றார்கள். வெங்கடபதி அவன் தோளில் கை போட்டார். "கெட்டிக்காரன்பா. அடுத்த வாரம் யாரு?"

"ஆளுகள வெச்சுப் பேசறத உட்டர்லாமுங்க மொதலாளி. ஊட்ல பெரிய கஷ்டமாப் போச்சுங்க."

"சேரி, அப்ப உட்டுரு. கிருபா பேசட்டும்."

அவ்வளவுதான் சொன்னார். குரலைக்கூட உயர்த்தவில்லை. பாலுசாமி அந்த வாரம் முழுக்க மரத்திலும் கம்பத்திலும் தொங்கிக்கொண்டு அதையே நினைத்தான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு வந்துவிட்டான். யோக்கியமாகப் பேசுவோம், முதல் செட்டில் பேசின மாதிரி பேசுவோம் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் வந்தான். கிருபாசங்கரும் வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

கேசட் ஓடியது. ராஜ வம்சம் பேசியது. பாலுசாமி பேசினான். ஜன்னலில் சத்தமே இல்லை. இன்னும் கொஞ்சம் பேசினான். எதிர்வீட்டில் டிவி வேறு பக்கம் திரும்பிப் பாட்டுச் சத்தம் கேட்டது. கிருபாசங்கர் சிரித்துக்கொண்டே மைக்கின் மேல் கையை வைத்தான்.

அப்போது பூதம் வந்தது. பெண் பூதம். தலையை விரித்துப் போட்டுக்கொண்டு, வெள்ளை முகத்தில் கண்ணீர் வழிய, ஐந்து பேருக்கும் நடுவில் மண்டிபோட்டு அழுதது.

பாலுசாமி கிருபாசங்கரின் கையைத் தட்டிவிட்டான். வாயைத் திறந்தபோது வந்தது புவனாவின் குரல். அவளுடைய அதே மெல்லிய, பாதி விழுங்கிய பேச்சு. "ஏனுங்கண்ணா, என்ற மாப்பிள்ளையத் தின்னுபோட்டீங்களே. நா இனி யாருக்குங்க ஊசி கோப்பேன்?"

தெரு சிரிப்பில் வெடித்தது. பாட்டு நின்றுபோய் எதிர்வீட்டிலும் சிரித்தார்கள். வெங்கடபதி கீழே தன் அரிசி மண்டியில் உட்கார்ந்து தொடையில் தட்டிச் சிரித்தது மாடிவரை கேட்டது. பாலுசாமியால் நிறுத்த முடியவில்லை. சிவப்பு வாளை வீச, புவனாவின் குரலில் அலறிக்கொண்டு பூதம் செத்தது. பனைமர உயரத்துக்கு எழுந்தது. மறுபடியும் அவள் குரலிலேயே அழுது செத்தது. கிருபாசங்கர் நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

பாலுசாமி வீட்டுக்குப் போனபோது டிவி அணைந்திருந்தது. ராசம்மாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். புவனா தட்டு வைத்துச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள். அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாத்தனுங்கண்ணா" என்றாள். "நல்லாத்தான் இருந்துச்சுங்க. ஆனா நா அழுவலீங்களே. அம்மாதான் அழுதாங்க. அதொண்ணுதானுங்க தப்பு."

அவன் சோற்றைப் பிசைந்துகொண்டே, அவள் சொன்னதை அவள் இழுத்த மாதிரியே இழுத்து, உதடு அசையாமல் ஒருதரம் சொல்லிப் பார்த்தான்.