ஓட்டு வீடும் ஜாமீன்தாரரும்

ராதாபுரம் பக்கத்தில் பனையேறிப் பிழைக்கிறவன் நான். மிஷன் பள்ளியில் கற்ற எழுத்தில் இதை எழுதுகிறேன்.

என் ஓலைக்குடிசை தீயில் போனதும், ஓட்டு வீடு கட்ட எங்கள் ஊர் ஐக்கிய நாணய சங்கத்தில் கடன் வாங்கினேன். சர்க்கார் ஆதரவில் நடக்கும் சங்கம் அது. ஒருவன் கட்டாவிட்டால் மற்ற அங்கத்தினர் எல்லாரும் கட்டவேண்டும் என்பது விதி. அடுத்தவன் கடனுக்கு நான் ஏன் அழவேண்டும் என்று கூட்டத்திலேயே சண்டை போட்டவன் நான்.

ஓடு வேய்கிற அன்று எதிர்வீட்டுப் பண்ணையார் ஆட்களோடு வந்தார்.

"ஏலே, என் வீட்டுக்கு எதுக்க உனக்கு ஓடா? இறக்கிட்டு ஓலையப் போடு. இல்லன்னா நான் பிரிச்சிருவேன்."

ஏணியில் ஏறி முதல் ஓட்டை நானே உருவினேன்.

"இருந்த இடத்துலயே வையிலே அத" என்று கீழே சத்தம் கேட்டது. என் சம்சாரம் ஓடிப்போய்ச் சங்கத்தார் எல்லாரையும் கூட்டி வந்திருந்தாள். சங்கக் காரியதரிசியான பலசரக்குக்கடை அண்ணாச்சி பண்ணையாரைப் பார்த்துச் சொன்னார்:

"இந்தக் கடன் எங்க அத்தன பேரு தலையிலயும் இருக்கு. ஒரு ஓடு உடைஞ்சாலும் எல்லாரும் சேர்ந்து கோர்ட்டுக்கு வருவோம்."

பண்ணையார் முறைத்துவிட்டுப் போனார். அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார்.

"பாசத்துல ஒண்ணும் வரலலே. வீடு நின்னாத்தான் நீ கடன் கட்டுவ."

இப்போது சங்கத்தில் யார் ஓடு வேய்ந்தாலும் அன்று நான் பனையேறுவதில்லை. பாளை சீவுகிற அரிவாளோடு அவன் வாசலில் போய் உட்காருகிறேன். கேட்பவர்களுக்கு ஒரே பதில்தான்: "இந்த வீடு என் தலையிலயும் இருக்கு. தொட்டுப் பாரும்."