அப்பாவின் கார் நிற்கும் இடம்

கதவடியில் கழற்றிய சப்பாத்திலிருந்து, தெருப்பனியைக் கரைக்கத் தூவும் உப்பு ஈரமாய் மணத்தது. செயின்ட்-மிஷேலில் எங்கள் வீட்டு முன் தெருவோரம், இன்று சைக்கிள் பாதையாகிவிட்ட ஒரு கார் அளவு இடத்துக்கு அந்த மணம் என்னைக் கொண்டுபோய் விட்டது. பனி கொட்டிய நாள்களில் அம்மா அதைப் பனி அள்ளும் சவலால் வழித்து வைப்பார். துறைமுக வேலை முடிந்து அப்பா காரோடு வரும்வரை, பள்ளிக்கூடம் விட்டு வந்த நானும் அக்காவும், கையுறைக் கம்பளியில் ஒட்டிய பனியை உறிஞ்சிக்கொண்டு, விறைத்த கால்களை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு அதற்குள் நிற்போம்.

"ஒருத்தரையும் விடாதேங்கோ பிள்ளையள்," என்பார் அம்மா. வேறு கார் ஒதுங்க வந்தால் அக்கா கைகளை விரிப்பாள்.

அப்பா இறந்து, காரையும் விற்றபின் வந்த முதல் பனிக்கு, அம்மா சவலோடு இறங்கி அந்த இடத்தை விளிம்புவரை வழித்தார். ஒருவரும் சொல்லாமலே நாங்கள் போய் நின்றோம். ஒரு கார் ஒதுங்கப் பார்த்தது. அக்கா கைகளை விரித்தாள்.