மேல் பலகையில் வைத்த பச்சைச் சிப்பி

சுயாக் என்ற ஊரில், கடலோரம் ஒரு சின்னச் சிப்பிக் கொட்டகையில் வேலை பார்த்தேன். மூன்றே பேர்: முதலாளி, சிப்பி வேகவைக்கும் அக்கா, நான். பச்சைச் சிப்பிக் கூடைகளை இறக்கி வைப்பதும், வெந்த சதையைத் தட்டில் பரப்பி வைப்பதும் என் வேலை. பச்சை தரையில், ஈரச் சாக்குக்குக் கீழே. வெந்தது மேலே, பலகையில். இடம் மாறக் கூடாது. பச்சையிலிருந்து வடிகிற தண்ணீர் ஒரு சொட்டு பட்டாலும் வெந்தது கெட்டுவிடும் என்று முதல் நாளே சொல்லியிருந்தார்கள்.

அந்த வருஷம் நான் காவடி நேர்ந்திருந்தேன். பத்து நாள் விரதம். வேறு வேலை கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கையில் துணியைச் சுற்றிக்கொண்டு கூடையைத் தூக்கினேன். தரையில் வைத்தால் சிப்பித் தண்ணீர் ஓடி வந்து என் வெறுங்காலை நனைத்தது. விரதம் கெட்டுவிடுமே என்று பயந்து, ஒரு மாலை கூடைகளை மேல் பலகையில் ஏற்றினேன். வெந்த தட்டுகளுக்கு அதன் கீழ்ப் பலகைதான் மிச்சம்.

காலையில் பார்த்தால், தட்டை மூடிய வாழையிலை நனைந்திருந்தது. இலை கிழிந்த இடத்தில் சதையும் ஈரம். துணியால் ஒற்றினேன். கூடைகளைக் கீழே இறக்கிவிட்டேன். தட்டு, எங்களிடம் சிப்பி வாங்கும் ஒரு பங்களாவின் விருந்துக்குப் போயிற்று. அங்கே அதைச் சுடவைக்காமல், எலுமிச்சை பிழிந்து அப்படியே சாப்பிடுவார்கள்.

சாப்பிட்ட எல்லோருக்கும் வாந்தி, வயிற்றுப்போக்கு. பங்களா சமையல்காரர் வந்து கத்திவிட்டுப் போனார். முதலாளி அக்காவைப் பிடித்துக்கொண்டார்.

"அரைவேக்காட்டுல இறக்கிட்டே. வெத்தலை போடுற அவசரம்!"

"நானா? ஓடு வாயைப் பிளக்காம ஒரு சிப்பியை இறக்கினதில்லை, முதலாளி. உங்க வாய்தான் இன்னும் வேகல."

அவர் என் பக்கம் திரும்பினார். "விரதக்காரன் பொய் சொல்ல மாட்டான். நீ சொல்லுப்பா, நல்லா வெந்துதா?"

"நான் பார்க்கலைங்க" என்றேன்.

அது பொய்யில்லை. அடுப்புப் பக்கம் நான் போகவே இல்லை. விரதம் கெடவில்லை என்று மனசுக்குள் சமாதானம் வேறு சொல்லிக்கொண்டேன். அன்றோடு அக்காவுக்கு வேலை போயிற்று. புருஷன் இல்லாதவள். இரண்டு பெண் பிள்ளைகள்.

காவடியன்று பெண்கள் என் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அக்காவும் குனிந்து ஊற்றினாள். எனக்கு உடம்பே கூசியது. மறுநாள் அவள் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன்.

"கூடை மேல இருந்ததை நான் பார்த்தேன் தம்பி. தட்டுல சொட்டியிருக்கும்னு அவங்க வாந்தி எடுத்தப்புறம்தான் உறைச்சுது."

"ஏன்க்கா சொல்லலை?"

"நான் சொன்னா, பழியை விரதக்காரன் மேல போடுறா பாருன்னுதானே கேட்பாரு? உன் வாயால வரும்னு இருந்தேன்."

நேராக முதலாளியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "இப்ப வேற ஆள் வந்தாச்சே" என்றார். என்னை வேலையை விட்டு நிறுத்தவில்லை. அக்கா பிள்ளைகளோடு ரோஸ் பெல் ஊர்ப் பக்கம் கரும்பு வெட்டப் போனாள். நான் மறுநாளும் கொட்டகைக்கு வேலைக்குப் போனேன்.