கனாத்துக்கு வெளியே

பாலாற்றை ஒட்டி, பழைய தோல் தொழிற்சாலை ஒன்றின் மதில் முடியும் இடத்தில், நகராட்சிக்குச் சொந்தமான வெற்று நிலம் கிடந்தது. அங்கே சைக்கிள் ஓட்டவும் ஸ்கேட்டிங் பழகவும் பொதுத் திடல் ஒன்றை வடிவமைக்கும் வேலை எனக்கு வந்தது. முதலில் நான் தீர்மானித்தது வேலியை. இடுப்பளவு உயரம், கம்பி வலை. எந்தப் பக்கம் நின்றாலும் உள்ளே நடப்பது தெரிய வேண்டும். நாலு பேர் கண்ணில் படும் இடத்துக்குத்தான் பெண்கள் பயமில்லாமல் வருவார்கள் என்று படித்திருந்தேன். அதை நம்பவும் செய்தேன். மற்றவற்றிலும் குறை வைக்கவில்லை. மழைநீர் மண்ணில் இறங்க ஓரமெல்லாம் சரளைக் கால்வாய், நிழலுக்குப் புங்கமரம், சக்கர நாற்காலி ஏறச் சரிவு, மூலைகளில் வளைந்து சுற்றிவரும் பாதை, சூரிய விளக்கு. வரைபடத்தின் தலைப்பில் ‘அனைவருக்கும்’ என்று எழுதினேன்.

வார்டு மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது. ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கும் பெண் ஒருவர், கையால் சுற்றும் மூன்று சக்கர வண்டியில் வந்திருந்தார். சுவரில் மாட்டியிருந்த வரைபடத்தை நிதானமாகப் பார்த்துவிட்டுக் கேட்டார்.

“சார், எதிர்ல டீக்கடை இருக்குதே, அங்கருந்து பாத்தா நாங்க தெரிவோமா?”

“நல்லாவே தெரிவீங்க” என்றேன், பெருமையாக.

“அப்ப நாங்க வரமாட்டோம்.”

கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

“விழாம யாரு சார் வண்டி கத்துக்கினாங்க? நாப்பது வயசுல நாங்க விழறத டீக்கடை முழுக்க பாக்கணுமா? பேஜார் சார் அது. கல்யாணத்துல லேடீஸ் பக்கம் கனாத்து கட்டறாங்க இல்ல, ஞாயித்துக்கிழம காலையில அத சுத்திக் கட்டிக் குடுங்க. போதும்.”

பந்திக்கு நடுவே பந்தல்காரர்கள் கம்பு நட்டு இழுத்துக் கட்டும் துணிச்சுவர்தான் கனாத்து. அவருக்குப் பின்னால் புர்கா அணிந்தவர்களும் தலையில் பூ வைத்தவர்களும் ஒன்றுபோலத் தலையாட்டினார்கள்.

“மறைச்சுட்டா பாதுகாப்பு கம்மியாகுமேம்மா?”

“உள்ள முழுக்க நாங்கதான இருப்போம்? யாருகிட்டருந்து பாதுகாப்பு?”

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். என் பக்கம் பேசுவாள் என்று எதிர்பார்த்தேன். “அவங்க சொன்னது கரெக்ட்டுங்க. எனக்கும் சைக்கிள் கத்துக்கணும்னு ரொம்ப நாளா ஆச. ஆனா உங்க வேலிக்குள்ள வரமாட்டேன்” என்றாள். அந்த ஆசை இருந்ததே எனக்குத் தெரியாது. அன்றிலிருந்து உட்கார்ந்தால் எழத் தோன்றியது, எழுந்தால் வரைபடத்திடம் போகத் தோன்றியது. கடைசியில் வேலியை ஒட்டி, கம்பு நிறுத்தும் குழிகளை இரும்பு மூடியோடு சேர்த்து வரைந்தேன். ஞாயிறு காலை கனாத்து. மற்ற நேரம் திறந்த திடல்.

திடல் கட்டி முடிந்ததும் நகராட்சி அதிகாரி என்னைக் கூப்பிட்டார். ஸ்கேட்டிங் கோச்சிங் சென்டர் ஒன்று அதே ஞாயிறு காலையைக் கேட்டதாம். “ஒரு மாசம் பாப்போம் சார். பொம்பளைங்க வரலன்னா அந்த நேரத்த அவங்களுக்குக் குடுத்துடுவேன். அப்பறம் வருத்தப்படாதீங்க.”

முதல் ஞாயிறு, பக்கத்து வீட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு மனைவி துணிக்குள் போனாள். நான் போக முடியாது. ஒவ்வொரு அடியையும் அளந்து வரைந்த இடம். அதில் என்ன நடக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியவில்லை. ஆற்றுக்காற்றில் துணி படபடத்தது. ஸ்கேட் சக்கரம் உருளும் சத்தம், சைக்கிள் மணி, யாரோ யாரையோ உருதுவில் விரட்டும் குரல். உள்ளே ஐந்து பேரா ஐம்பது பேரா? வேலியோரமாக நடந்தேன், திரும்பினேன், மறுபடி நடந்தேன்.

“இன்னா சார், பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி சுத்திக்கினே கீறீங்க?” என்றார் டீக்கடைக்காரர்.

அடுத்த ஞாயிறும் அப்படியே. ஆனால் ஒன்று உறைத்தது. விழும் சத்தம் எப்போதும் மதில் பக்கத்து மூலையிலிருந்தே வந்தது. பொறுக்க முடியாமல் கத்தினேன்: “யாருக்காச்சும் அடிபட்டுச்சா?”

துணிக்குப் பின்னாலிருந்து அந்த மூன்று சக்கர வண்டிப் பெண்ணின் குரல் வந்தது. “அடியெல்லாம் இல்ல சார். உங்க வளைவுதான் திரும்ப ரொம்ப அவசரப்படுது!”

“எந்த எடத்துல?”

“இங்கருந்து சொன்னா உங்களுக்குப் புரியாது. சாக்பீஸ் இருந்தா குடுங்க.”

என் பையில் எப்போதும் இருக்கும். கம்பி வலைக் கண் வழியாகத் துணிக்கு அடியில் நீட்டினேன். மருதாணி போட்ட ஒரு கை வாங்கிக்கொண்டது.

கனாத்தைச் சுருட்டும் நேரத்தில் அதிகாரி வந்தார். “எத்தன பேர் சார் வந்தாங்க?”

“தெரியாது. நான் வெளியதான் இருந்தேன்.”

இருவரும் உள்ளே போனோம். மதில் பக்கத்து வளைவில் தரை முழுவதும் சாக்பீஸ் வட்டங்கள். ஒன்றின் மேல் ஒன்று, நடக்க இடமில்லாமல். சிலவற்றில் உருது எழுத்து, சிலவற்றில் பூ. ஒன்றின் பக்கத்தில் ‘இங்க ரெண்டு வாட்டி’. மூன்று சக்கர வண்டி பாதையை விட்டு விலகிய தடத்தைத் தனியாகக் கோடு இழுத்துக் காட்டியிருந்தார்கள்.

“இன்னா இது, கோலமா?”

“விழுந்த எடம் சார்.”

அதிகாரி எடுத்த காலை வட்டத்தில் வைக்காமல் பின்னால் இழுத்துக்கொண்டார். “இவ்ளோ பேரா?” என்றார். குனிந்து ஒவ்வொரு வட்டமாகப் பார்த்தார். பிறகு, “கோச்சிங் சென்டருக்கு வேற நேரம் பாத்துக்கறேன். இந்த வளைவ எப்ப சரி பண்ணுவீங்க?” என்று கேட்டார்.

மனைவி முழங்கையைத் தேய்த்தபடி சைக்கிளோடு நின்றாள். “இதுல உன்னுது எது?” என்றேன்.

“அதச் சொல்றதுக்கா கனாத்து கட்டுனோம்?”

மலைப்பக்கம் மேகம் கறுத்திருந்தது. சாக்பீஸ் மழைக்கு நிற்காது. அளவு நாடாவின் ஒரு முனையை அவள் கையில் கொடுத்துவிட்டு, மதிலோரத்து வட்டத்திலிருந்து அளக்கத் தொடங்கினேன்.