மோதத் தெரிந்தவள்

தூவே ஹெட்க்விஸ்ட் எங்கள் ஐஸ் ஹாக்கி அணியின் தடுப்பாட்டக்காரி. நான் இல்வா, கோல் கீப்பர். பத்து வருடங்களுக்கு மேல் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டுதான் நான் கோல் வாசலில் நின்றேன். கோபமாக இருந்தால் முதுகிலேயே தெரியும். அநேகமாக எப்போதும் தெரிந்தது.

எங்கள் ஊரான பீத்தியோவில் கிளப் தருவதை வைத்து எந்தப் பெண்ணும் பிழைக்க முடியாது. தூவே பகலில் டயர் கடையில் வேலை பார்த்தாள். ஊரே பனிக்கால ஆணி டயருக்கு மாறும் அக்டோபர் வாரங்களில் நகக்கண் கறுத்துப்போய்ப் பயிற்சிக்கு வருவாள்.

பதினைந்து வயது வரை அவள் பையன்களோடு ஆடியவள். அங்கே மோதலாம். ரப்பர் வட்டோடு வருகிறவனை, ஆடுகளத்தைச் சுற்றியுள்ள தடுப்புப் பலகை ஓரமாக ஒதுக்கி, தோளோடு தோள் இடித்து உட்காரவைப்பதில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. மற்றவர்களுக்குக் கோல் அடிக்க ஆசை. அவளுக்குப் பலகை அதிரும் அந்தச் சத்தம் போதும்.

பெண்கள் அணிக்கு வந்த முதல் ஆட்டத்திலேயே அப்படி ஒருத்தியை இடித்தாள். விசில் அடித்தது. ரெஃப்ரி மாரிட் கையைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

“என்ன பண்ணிட்டேன் நான்?”

“இடிச்சிட்ட.”

“தோள்லதானே இடிச்சேன்? முழங்கையையா வெச்சேன்?”

“இது பொம்பளைங்க ஆட்டம்மா. இங்க இடிக்கக் கூடாது. போ, ரெண்டு நிமிஷம் உட்காரு.”

தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்து, கண்ணாடி வழியாக மாரிட்டை முறைத்துக்கொண்டே இருந்தாள். அடுத்து வந்த வருடங்களில் அந்தப் பெட்டிதான் அவளுக்கு இன்னொரு வீடு. “தூவே, ஜன்னலுக்குத் திரைச்சீலை தைச்சுத் தரட்டுமா?” என்று நாங்கள் கிண்டலடிப்போம். சிரிக்கமாட்டாள்.

தேசிய அணியின் முகாமுக்கு ஒருமுறை கூப்பிட்டார்கள். மூன்றாம் நாளே திருப்பி அனுப்பிவிட்டார்கள். “உன்ன எடுத்தா பாதி ஆட்டம் அஞ்சு பேருக்குப் பதிலா நாலு பேரோடதான் ஆடணும்” என்றாராம் அங்கிருந்த பயிற்சியாளர். ரயிலடியிலிருந்து நான்தான் காரில் அழைத்து வந்தேன். வீட்டு வாசலில் பையை இறக்கும்போது சொன்னாள்:

“நல்லா ஆடலன்னு சொல்லியிருந்தா பரவாயில்லடி. நல்லா ஆடுறேன், ஆனா வேற யாரோட ஆட்டத்தையோ ஆடுறேனாம்.”

எல்லாவற்றையும் மாற்றியது ஒரு அரையிறுதி. கடைசி நிமிடங்கள், ஆட்டம் சமநிலையில் இருந்தது. எதிரணிக்காரி ஒருத்தி தனியாக வட்டை ஓட்டிக்கொண்டு என்னை நோக்கி வந்தாள். தூவே குறுக்கே போய்த் தோளைக் கொடுத்தாள். அத்தனை சுத்தமான இடி. விழுந்தவளே எழுந்து பனித்தூளைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். ஆனாலும் விசில். தூவே பெட்டிக்குள் இருந்தபோது என் காலிடுக்கில் கோல் நுழைந்தது. அந்த வருடம் அதோடு முடிந்தது.

உடைமாற்றும் அறையில் எங்கள் பயிற்சியாளர் ஸ்டெல்லன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

“தூவே, உன் உடம்பை நீதான் அடக்கணும். முடியலன்னா சொல்லிடு, வேற ஆள் பாத்துக்கறேன்.”

“அவ கோல் போட்டிருப்பா ஸ்டெல்லன்.”

“போட்டிருக்கட்டும். இப்ப மட்டும் போடலையா?”

அந்தக் கோடை முழுவதும் அவள் அடக்கிப் பழகினாள். வேலை முடிந்து அரங்கத்துக்கு வருவாள். நான் அவளை நோக்கிச் சறுக்கி வர வேண்டும். இடிக்கும் தூரம் வந்ததும் தோளைத் திருப்பி, இடுப்பை விலக்கி, மட்டையை மட்டும் நீட்டி வட்டைத் தட்டிவிட வேண்டும். திரும்பத் திரும்ப அதே. ஒருநாள் பாதியில் மட்டையை வீசிவிட்டு, “நாய்க்குட்டிக்கு உட்காரச் சொல்லிக் குடுக்குற மாதிரி இருக்கு” என்றாள். பிறகு தானே போய் எடுத்து வந்தாள்.

பழகியும் விட்டாள். அடுத்த பல ஆட்டப் பருவங்களில் பெட்டிப் பக்கமே போகவில்லை. ‘பக்குவப்பட்ட ஆட்டம்’ என்று உள்ளூர்ப் பத்திரிகை எழுதியது. அதைப் படித்துவிட்டு அவள் அப்பா, ஞாயிற்றுக்கிழமை பால்ட் என்ற உருளைக்கிழங்கு உருண்டைகளைத் தட்டில் போட்டபடி, “பேப்பர்ல பாராட்டிருக்கான் பாரு” என்றார்.

“சப்புன்னு இருக்கு” என்றாள் தூவே. பால்ட்டைச் சொல்கிறாள் என்று நினைத்து அவர் வெண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தினார்.

அவளுக்கு முப்பத்து மூன்று வயதானபோது, ஒரு வசந்தத்தில், லீக்கிலிருந்து அறிவிப்பு வந்தது. வரும் பருவம் முதல் பெண்கள் ஆட்டத்திலும் உடலால் மோதலாம்.

அறையே கத்தியது. எல்லோரும் அவள் முதுகில் அறைந்தார்கள். “இனிமே யாரும் உயிரோட வீட்டுக்குப் போகமாட்டாங்க!” என்றாள் ஒருத்தி. தூவே காலணிக் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டே கேட்டாள்: “இப்பவா?”

மோதக் கற்றுக்கொடுக்க லீக் ஒரு ஆளை அனுப்பியது. ஆண்கள் அணியில் ஆடியவன், எங்களைவிடச் சின்னவன். முட்டியை மடக்கு, தலையைத் தூக்கு, தோளைக் கொடு என்று படிப்படியாகச் சொன்னான். தூவேயின் தோளைப் பிடித்துச் சரிசெய்யப் போனான். அவள் கையைத் தட்டிவிட்டாள்.

“இதச் செஞ்சதுக்குத்தான் என்ன உட்கார வெச்சீங்க. இப்ப எனக்கே பாடமா?”

“நான் உட்கார வைக்கலையே” என்று அவன் விழித்தான். பாவம், அவன் என்ன செய்வான்.

முதல் ஆட்டம். இரண்டாம் பகுதியில் எதிரணியின் இளம்பெண் ஒருத்தி பலகை ஓரமாகத் தலை குனிந்தபடி வந்தாள். தூவே சரியான கோணத்தில் போனாள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தச் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். கடைசி நொடியில் அவள் தோள் திரும்பியது. இடுப்பு விலகியது. மட்டை மட்டும் நீண்டது. அந்தப் பெண் தாண்டி வந்து கோல் போட்டாள்.

“ஏன்டி விட்ட?” என்றேன்.

“நான் விடலடி. அதுவா விலகுது.”

பிறகும் அப்படித்தான். பயிற்சியில் என்னை இடிக்கச் சொன்னேன். கவசமெல்லாம் போட்டு மூட்டை மாதிரி நின்றேன். ஓடி வருவாள், திரும்பிவிடுவாள். ஒருமுறை நின்று, கையுறையைக் கழற்றித் தன் தோளிலேயே குத்திக்கொண்டாள். எங்கள் சின்னப் பெண்களோ மாதத்துக்கு மாதம் பலமாக இடித்தார்கள். ஸ்டெல்லன் அவளைத் தடுப்பாட்டக்காரிகளின் கடைசி ஜோடியில் போட்டார்.

பிப்ரவரியில், வென்றாலும் தோற்றாலும் ஒன்றுதான் என்ற ஒரு ஆட்டத்தில், ஒருவழியாக ஒருத்தியை இடித்தாள். முழு உடம்பாலும். பலகை அதிர்ந்தது. நான் மட்டையால் கோல் கம்பத்தைத் தட்டிக் கூச்சலிட்டேன். விசில் அடித்தது.

தலை நரைத்த மாரிட் சறுக்கி வந்தாள். “வட்டு எப்பவோ போயிடுச்சு தூவே. லேட்டா இடிச்சிட்ட.”

“லேட்டுதான்” என்றாள் தூவே. தானே கதவைத் திறந்துகொண்டு பெட்டிக்குள் போனாள்.

அந்தப் பருவத்தோடு விட்டுவிட்டாள். கிளப்பில் பூங்கொத்து கொடுத்தார்கள். அவள் அதை என் காரிலேயே மறந்துவிட்டுப் போனாள். போன இலையுதிர்காலத்தில் அவள் கடைக்கு டயர் மாற்றப் போனபோது கேட்டேன்.

“ஆட்டம் பாக்க வரலாம்ல? பொண்ணுங்க நல்லா இடிக்கிறாங்க.”

“ரேடியோல கேட்டேன்” என்றாள், குனிந்தபடி நட்டை முறுக்கிக்கொண்டே. “கேக்க எனக்கு சந்தோஷமா இல்ல இல்வா. எரிச்சலாதான் இருக்கு. அவங்க மேல இல்ல.”

“யார் மேல?”

“அதுதான் தெரியல. தெரிஞ்சா போய் இடிச்சிருப்பேன்ல?” என்று சொல்லிவிட்டு அடுத்த சக்கரத்துக்குப் போனாள்.